மூளையிலே தோன்றுங் குறியும் மனத்திலே நிற்கும் பொருளும்

2005 ஆம் ஆண்டிலே ஆங்கில நாட்டில் நிகழ்ந்த ஒரு வீதி விபத்தில் 23 வயதுடைய பெண்ணொருத்தி மூளையிற் கடுங்காயமுற்றாள். ஐந்து மாதம் கழிந்தது. அவள் கண் விழித்தாள், உறங்கினாள், மீண்டும் விழித்தாள். ஆயினும் அழைப்பார் குரலுக்கு முகந் திருப்பினாளல்லள்; ஏவினாலும் விரலொன்றை அசைத்தாளல்லள். வைத்தியர் அந்நிலையைத் தாவரநிலை யென்று குறித்தனர். அட்றியன் ஓவன் என்பாரும் அவரோடு கூடிய ஆராய்ச்சியாளரும் அவளைக் காந்தக் கருவியினுள்ளே கிடத்தி, டெனிஸ் ஆடுவதாகப் பாவனை செய்க என்று சொன்னார்கள். பின்னர், உன் வீட்டின் அறைதோறும் புகுந்து நடப்பதாக எண்ணுக என்று சொன்னார்கள். முதற் கட்டளைக்கு, உடலியக்கத்தை ஆயத்தஞ் செய்யும் மூளைப் பகுதியிற் குருதியோட்டம் மிகுந்தது. இரண்டாவதற்கு, இடங்களை அறிதற்குரிய பகுதிகளில் மிகுந்தது. உடல்நலமுடையார் அங்ஙனம் பாவித்தபோது அவர் மூளையிற் கண்டதற்கும் இவளிடத்துக் கண்டதற்கும் வேற்றுமை காண்டல் அரிதாயிற்று. இச்செய்தி 2006 ஆம் ஆண்டிலே வெளிவந்தது.

கேட்டோர் இருதிறத்தாராயினர். அவள் டெனிஸ் ஆடுவதாக எண்ணினாள் என்றனர் ஒருசாரார். அவள் மூளையில் ஒரு பகுதி தொழிற்பட்டது, அதற்குமேற் கூறுதற்கு நமக்கு உரிமையில்லை என்றனர் மற்றொருசாரார். இவ்விரண்டு கூற்றுக்கும் இடையேயுள்ள தூரம் எத்துணையது? திண்ணையிலிருந்து பொழுதுபோக்குதற்குரிய வினாவாக இதனை நினைப்பார் நினையற்க. படுக்கையருகே இருக்குந் தாய் அவளோடு பேசுவதா விடுவதா என்பதும், அவள் செவிப்பட எதனைப் பேசலாம் எதனைப் பேசலாகாது என்பதும், உணவூட்டுங் குழாயை எடுத்துவிடலாமா என்று உறவினர் கூடி ஆலோசிக்குங்கால் அவளை அக்கூட்டத்தில் ஒருத்தியாக எண்ணுவதா என்பதும் இவ்வொரு வினாவையே பற்றி நிற்கின்றன.

மூளை பொருள்களைக் குறிக்கின்றது என்று நரம்பு விஞ்ஞானியாரும் கூறுகின்றனர்; மனம் பொருள்களைக் குறிக்கின்றது என்று தத்துவ நூலாரும் கூறுகின்றனர். சொல் ஒன்று, கருத்து ஒன்றோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது. உள்ளத்தே நின்று பிறிதொரு பொருளைக் காட்டும் நிலையை அகவுரு என்று வழங்குவோம். அது கண்ணாடியுள் நிழல்போலப் பொருளின் வடிவையே உடையதாயிருத்தல் வேண்டுமென்னும் நியதியில்லை. யாழ்ப்பாணம் என்னுஞ் சொல் யாழ்ப்பாணத்தை ஒத்திராது. ஆயினும் அதனைக் குறிக்கும். சென்ற வருஷம் இறந்துபோன பசுவை இன்று நினைக்கின்றோம். வாராத மழையை எதிர்நோக்குகின்றோம். தருக்க நூலார் எடுத்துக்காட்டும் முயற்கொம்பையும் ஆகாயத்தாமரையையும் எண்ணி, அவை இல்பொருளென்று தெளிகின்றோம். கயிற்றைத் தூணோடு கட்டுதற்குத் தூண் வேண்டும். எண்ணம் முயற்கொம்பைப் பற்றுதற்கு முயற்கொம்பு வேண்டுவதில்லை. இல்லாத பொருளோடு உள்ள எண்ணத்துக்கு உண்டாகிய சம்பந்தம் எத்தன்மையது? பிறான்ஸ் பிறென்ரானோ என்னும் ஜெர்மானிய தத்துவ அறிஞர் 1874 ஆம் ஆண்டில் வெளியிட்ட உளநூலில் இவ்வியல்பை எடுத்தோதி, மனத்துக்குரியவற்றைச் சடத்துக்குரியவற்றினின்றும் பிரித்துக்காட்டும் இலக்கணம் இதுவேயென்றார். அன்றுதொட்டு மேனாட்டுத் தத்துவ நூலார் இவ்வினாவை விட்டாரல்லர்.

இதனோடு சேர்த்தெண்ணத்தக்க மற்றோரிலக்கணம் பிழைபடுதலாம். இப்பியை வெள்ளியென்றும், பழுதையைப் பாம்பென்றும் மயங்குவார் உளர். புகை நெருப்பைக் காட்டும் என்கின்றோம். ஆயினும் புகை ஒருகாலும் பொய் கூறுவதில்லை. மலைமேற் படிந்த பனிப்படலத்தைப் புகையென மயங்கி ஆண்டு நெருப்புண்டென்று ஒருவன் அனுமித்தானாயின், பிழை அவனிடத்தது, பனியிடத்துமன்று, மலையிடத்துமன்று. ஆதலின், ஒன்று நிகழுங்கால் மற்றொன்று தவறாது நிகழ்கின்றது என்பதுபற்றி அது மற்றதனைக் குறிக்கின்றது என்றல் அமையாது. பிழைபட வல்லதே குறிக்க வல்லது. தத்துவ நூலார் நரம்பு விஞ்ஞானியாரை வினாவுவதும் இதுவே: உம்முடைய நரம்புக்கலம் பிழைபடுமோ? படுமாயின், எதனை அளவாகக் கொண்டு அதனைப் பிழையென்கின்றீர்?

நரம்பு விஞ்ஞானியார் இவ்வினாவிலிருந்து தொடங்கினாரல்லர். அவர் தொடங்கியது ஆய்வுக் களத்திலே. 1958 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையில் டேவிட் ஹியூபல், ரோஸ்ரன் வீசல் என்னும் இருவர், மயக்கமருந்து ஊட்டப்பட்ட பூனையின் மூளைப் புறணியில் நுண்ணிய மின்வாயைச் செலுத்தி, ஒரு தனிக் கலத்தின் துடிப்பை ஒலியாக மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தனர். பூனையின் கண்முன்னே, புள்ளி பொறித்த கண்ணாடித் தகடுகளை மாற்றி மாற்றிக் காட்டினர். நெடுநேரமாகியும் கலம் வாளாவிருந்தது. பின்பு தகடொன்றைக் கருவியுட் செருகுங்கால் அது படபடவென்று துடிக்கக் கேட்டு வியப்புற்றனர். ஆராய்ந்து பார்த்தபோது, அதனைத் துடிக்கச் செய்தது புள்ளியன்று என்பதும், தகட்டின் விளிம்பு வீழ்த்திய மெல்லிய கோட்டுநிழலே என்பதும், அந்நிழலும் ஒரு குறித்த சாய்வில் நகரும்போதே துடிப்பெழுகின்றது என்பதும் தெரியவந்தன. தற்செயலாய் வாய்த்த இந்நிகழ்ச்சியிலிருந்து பார்வைபற்றிய ஒரு பெருநூற்றுறை எழுந்தது. 1981 ஆம் ஆண்டு நோபற் பரிசு பெற்றோருள் இவ்விருவரும் இருந்தனர். அன்று முதல், இக்கலம் இச்சாய்வுடைய கோட்டைக் குறிக்கின்றது என்று கூறும் வழக்கு நரம்பு விஞ்ஞானத்தில் வேரூன்றியது.

இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு எலியினிடத்தது. எட்வேட் ரோல்மன் என்பார், சிக்கலான வழிகளில் எலி குறுக்குப்பாதை காணுந் திறத்தை நோக்கி, அதன் உள்ளத்தே ஒருவகைத் தேசப்படம் உண்டென்று 1948 ஆம் ஆண்டில் எழுதினார். அஃது ஊகம் மாத்திரையே. 1971 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்தில் ஜோன் ஓகீஃப், ஜோனதன் டொஸ்ற்றோவ்ஸ்கி என்னும் இருவர், கடற்குதிரை போன்ற வடிவாற் பெயர்பெற்ற ஹிப்போகாம்பசு என்னும் மூளைப் பகுதியிலே, எலி ஒரு குறித்த இடத்தை அடையும்போது துடித்து மற்றைய இடங்களில் அடங்கியிருக்குங் கலங்களைக் கண்டனர். ஒரு கலம் மூலைக்குரியது, மற்றொன்று நடுவுக்குரியது. இவற்றை இடக்கலங்கள் என்பர். 2005 ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டில் மே பிறிற் மோசர், எட்வேட் மோசர் என்பாரின் ஆய்வுகூடத்தார், அயற்பகுதியிலே தரை முழுவதையும் முக்கோணக் கட்டங்களாக வகுத்தாற்போலத் துடிக்கும் வேறுவகைக் கலங்களைக் கண்டனர். 2014 ஆம் ஆண்டு இம்மூவர்க்கும் நோபற் பரிசு அளிக்கப்பட்டது. இவற்றிடையே 1994 ஆம் ஆண்டில் மத்தியு வில்சன், புறூஸ் மக்நோட்டன் என்பார் வெளியிட்ட செய்தியே எமக்குப் பெரிதும் வியப்பளிப்பது: விழித்திருந்தபோது எலி சென்ற வழியில் ஒருங்கு துடித்த கலங்கள், அவ்வெலி பின்னர் உறங்குங்காலும் ஒருங்கு துடித்தன. வழி அப்பொழுது எலியின் முன்னே இல்லை. கண்முன்னில்லாத பொருளைப் பற்றுதல் என்று மேலே கூறிய இலக்கணத்துக்கு அணித்தாக ஏதோவொன்று ஈண்டு உளது என்பதை மறுத்தல் இயலாது.

ஆயினும், இக்கலம் இம்மூலையைக் குறிக்கின்றது என்னும் வாக்கியத்தை விஞ்ஞானியார் எப்பொருளிற் கூறுகின்றார் என்று நிதானிக்க. எலி மூலையிலிருக்கும்போது கலம் துடிக்கின்றது. ஆதலாற் கலத்தின் துடிப்பைக் கொண்டு எலி மூலையிலிருப்பதை அறியலாம் என்பதே முதற்கண் அவர் கருத்து. அறியலாம் என்றாரே, அறிபவர் யாவர்? மின்வாயைச் செருகி அருகே இருக்கும் விஞ்ஞானியாரன்றோ? அவர்க்கு அது குறியாயிருத்தலுக்கு ஐயமில்லை. மரத்தின் உள்வளையங்களை எண்ணி அதன் வயதை அறியுந் தாவர நூலார்க்கும் வளையங்கள் குறியாகின்றன. அதுபற்றி, மரம் தன் வயதை எண்ணிக்கொண்டிருக்கின்றது என்று ஒருவருங் கூறார்.

இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டவல்லது தவளையின் கதை. 1959 ஆம் ஆண்டில் ஜெறம் லெற்வின், உம்பேட்டோ மத்துறானா, வொறன் மக்கலக், வோல்ற்றர் பிற்ஸ் என்னும் நால்வர், தவளையின் கண் அதன் மூளைக்கு யாது கூறுகின்றது என்னும் பொருளுடைய தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தவளையின் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளுள் ஒருவகையின, சிறிய கரிய பொருளொன்று பார்வை வட்டத்துட் புகுந்து அசையும்போது மிகுந்து துடிக்கக் கண்டார்கள். அவ்வளவிற் பொருளொன்று அவ்வாறு அசைந்தாற் றவளை பாய்ந்து பிடிக்கும். சுற்றிலும் இரை குவிந்து கிடப்பினும் அவை அசையாவாயின் அது பட்டினியால் மடியும். பூச்சியைக் காண்பன என்று அவ்விழைகளை அழைத்தாலென்னை என்று அவர்கள் தாமே எழுதினர். விஞ்ஞானியார்க்கு இத்துணையே போதுமாயிற்று. எவ்விழை, எப்பொருட்கு, எத்துணை விரைவில் என்பது தெரிந்தது; மேல் ஆய்வு தொடர்ந்தது.

தத்துவ நூலார்க்கோ கலகம் ஈண்டே தொடங்கிற்று. அத்தவளையின் முன் ஒருவன் கரிய ஈயக்குண்டொன்றை உருட்டிவிட்டானாக. தவளை பாய்ந்து விழுங்கிற்றாக. தவளை பிழைத்ததா? அதன் அகவுரு பூச்சியைக் குறிப்பதாயிற் பிழைத்தது. ஏனெனிற் குண்டு பூச்சியன்று. சிறிய கரிய அசையும் பொருளைக் குறிப்பதாயிற் பிழைத்ததில்லை. குண்டு சிறிதுங் கரிதுமாய் அசைந்தது. இவ்விரண்டில் எது என்று தீர்ப்பதற்கு அவ்விழையை எத்துணை நுணுகி நோக்கினும் விடை கிடைப்பதில்லை. இழை இரண்டிடத்தும் ஒரேவகையாகவே துடிக்கின்றது. ஜெறி போடர் என்பார், இயற்கைத் தெரிவு என்னும் டாவினது கொள்கையைத் துணைக்கொண்டும் இது தீராது என்று வாதித்தார். தவளை வாழுங் குளத்திற் சிறிய கரிய அசையும் பொருள்கள் பெரும்பாலும் பூச்சிகளே யாதலால், எதனைக் குறித்ததாகக் கொள்ளினுந் தவளையின் பிழைப்பு ஒருபடித்தே என்பது அவர் கூற்று. பிறெட் டிறெற்ஸ்கி என்பார், பொருளுக்கும் நிலைக்கும் இடையேயுள்ள தவறாத தொடர்பிலிருந்தே குறித்தலை விளக்க முயன்று, பிழை எங்ஙனம் உண்டாகும் என்னும் வினாவுக்கு விடைதேடிப் பல ஆண்டு உழைத்தார். றூத் மில்லிக்கன் என்னும் அம்மையார் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே வேறுவழி காட்டினார். குறியை உண்டாக்குவதை நோக்கற்க, குறியைக் கொண்டு பயன்கொள்வதை நோக்குக என்பது அவர் துணிபின் சாரம்.

அம்மையார் கொள்கையை நம்மூர்க் கோயின்மணியை வைத்து விளக்குவோம். மணி ஒலித்தாற் பூசைக்காலம் என்று ஊரவர் எழுந்து வருகின்றனர். குறும்புடைய சிறுவனொருவன் நண்பகலிற் கயிற்றைப் பிடித்திழுத்து ஒலிப்பித்தானாயின், வந்தவர் ஏமாறித் திரும்புவர். அன்று மணி பொய்த்தது என்கின்றோம். வெண்கலமும் நாக்கும் முன்போலவே அடிபட்டன. ஒலியில் யாதொரு வேறுபாடுமில்லை. பொய் என்பது, அவ்வொலியைக் கொண்டு வாழும் ஊரவர் வழக்கத்தால் அவ்வொலிக்கு உண்டாகியது. தவளையிடத்தும் அவ்வாறே, துடிப்பை வாங்கி நாவை நீட்டும் உறுப்புக்களும், உண்டதைச் செரிக்கும் வயிறும், அவ்வுணவால் வாழ்ந்துவந்த தவளைக் குலமும் சேர்ந்தே அத்துடிப்புக்கு இரை என்னும் பொருளைத் தந்தன, ஆதலால் ஈயக்குண்டைப் பாய்ந்தது பிழையே. எமக்கு இவ்விடை போடர் கூற்றினும் வலியதாகத் தோன்றுகின்றது. ஆயினும் அதனை ஏற்போர் ஒன்றை உடன்கொள்ளல் வேண்டும்: அகவுருவின் பொருள் மூளைக்குள் மாத்திரம் இருப்பதன்று, மின்வாய் எட்டாத பழங்காலத்திலும், குளத்திலும், வயிற்றிலும் அதன் பாதி கிடக்கின்றது.

ஈண்டு நரம்பு விஞ்ஞானியார் எழுந்து மறுமொழி கூறுவர். அதனையுங் கேட்டல் நீதி. அவர் கூறுமாறு: யாம் தொடர்பை மாத்திரம் கண்டு நின்றுவிடவில்லை, அக்கலங்களை யாமே தூண்டியும் பார்த்தோம். 1990 ஆம் ஆண்டில் வில்லியம் நியூசம் என்பாரும் அவர் துணைவரும், திரையில் ஓடும் புள்ளிகள் எத்திசை நோக்கி ஓடுகின்றன என்று சொல்லப் பழக்கப்பட்ட குரங்குகளின் மூளையில், ஒரு திசைக்குரிய கலத்தொகுதியைச் சிறு மின்னோட்டத்தாற் றூண்டினர். குரங்குகளின் தீர்ப்பு அத்திசையை நோக்கிச் சாய்ந்தது. ஆதலால் அத்துடிப்பு எமக்கு மாத்திரமன்று, குரங்குக்கும் குறியாயிருக்கின்றது. பிழையைப்பற்றி வினாவினீர், பிழையையும் யாம் உண்டாக்கிக் காட்டுவோம்.

இதுவும் வெறும் வீம்புரையன்று. 2013 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஸ்ரீவ் றமிரெஸ், சூ லியூ, சுசுமு தொனெகாவா முதலானோர், எலியொன்றை ஒரு பெட்டியுள் விட்டு அப்போது தொழிற்பட்ட ஹிப்போகாம்பசுக் கலங்களை, ஒளிபட்டாற் றூண்டப்படும்படி செய்துவைத்தனர். மறுநாள் அதனை வேறொரு பெட்டியில் விட்டு, ஒளியால் அக்கலங்களைத் தூண்டிக்கொண்டே காலில் மின்னதிர்ச்சி கொடுத்தனர். பின்னர் முதற் பெட்டியில் விட்டபோது எலி அச்சத்தால் உறைந்து நின்றது. அப்பெட்டியில் அதற்கு ஒரு தீங்கும் நிகழ்ந்ததில்லை. முன்பின் அறியாத மூன்றாவது பெட்டியில் விட்டால் அங்ஙனம் உறையவில்லை. நிகழாததை நிகழ்ந்ததாகக் கொண்ட பொய்ந்நினைவு அன்றோ இது என்றனர் ஆராய்ச்சியாளர்.

இவ்வாய்வு எமது உள்ளத்தை உலுக்கிற்று என்பதை மறையோம். மனிதனுடைய நினைவையும் இங்ஙனம் பிறர் கைவைத்து மாற்றும் நாள் வருமாயின், சாட்சி என்பதும் கழுவாய் என்பதும் என்னாகும் என்னும் எண்ணம் எழாதிருக்குமோ? அது நிற்க. இவ்வாய்வாற் றத்துவ நூலார் வினா தீர்ந்ததோ எனின், பாதி தீர்ந்தது என்போம். பிழைபட வல்ல நிலை மூளையில் உண்டென்பது காட்டப்பட்டது. ஆயின் அது பிழை என்பது எதனாற் றெரிந்தது? எலி அப்பெட்டியில் அடிபடவில்லை என்பதை ஆராய்ச்சியாளர் அறிவர், அதனால் தெரிந்தது. அக்கலங்களின் துடிப்பை மாத்திரம் ஒருவர் கையிற் கொடுத்தால், இது மெய்ந்நினைவு, இது பொய்ந்நினைவு என்று அவராற் பிரித்துரைத்தல் இயலாது. மெய்யும் பொய்யும் துடிப்புக்கும் உலகுக்கும் இடையே உள்ளன. விஞ்ஞானியார் அவ்விடையை நிரப்புதற்குத் தம் அறிவையே பாலமாக இட்டுவிட்டு, இட்டதை மறந்துவிடுகின்றனர்.

இன்னொரு மறதியும் உண்டு. மூளை எண்ணுகின்றது, மூளை ஊகிக்கின்றது, மூளை தீர்மானிக்கின்றது என்று இக்காலத்தார் எழுதுகின்றனர். மக்ஸ்வெல் பெனற் என்னும் நரம்பு விஞ்ஞானியாரும் பீற்றர் ஹக்கர் என்னும் தத்துவ அறிஞரும் 2003 ஆம் ஆண்டில் ஒருங்கெழுதிய பெருநூலில் இவ்வழக்கைக் கடிந்தனர். எண்ணுதலும் காண்டலும் முழு மனிதனுக்குரிய வினைகள். அவற்றை அவனது உறுப்பொன்றன்மேல் ஏற்றுதல், முழுமைக்குரியதைப் பகுதிக்கு உரியதாக்கும் வழு என்பது அவர் குற்றச்சாட்டு. கால் நடக்கின்றது என்னாது, காலால் மனிதன் நடக்கின்றான் என்பதே முறை. டானியல் டெனற் என்பார் இதனை மறுத்தார். மூளையின் பகுதிகளுக்கு ஒருவாறு குறைந்த அளவிலே எண்ணுதல் முதலியவற்றை ஏற்றிக் கூறுதலாற் பயனுண்டு, ஆராய்ச்சி அதனாலேயே முன்சென்றது என்றார். அவ்வாதம் 2007 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. எமக்கு இருவர்பக்கத்தும் நியாயம் தோன்றுகின்றது. ஆயினும் உபசார வழக்கை உண்மை வழக்காகக் கொண்டுவிடும் அபாயம் டெனற் எண்ணியதினும் பெரிது.

நம் வாசகர்க்கு ஈண்டு ஒன்று நினைவுக்கு வராமற்போகாது. சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்றும், அரசன் அமைச்சரோடு கூடித் தொழில் நடாத்துதல்போல ஆன்மா அவற்றோடு கூடி அறியும் என்றுங் கூறுகின்றது. மனமும் புத்தியுமே சடமாகிய கருவிகள் என்று கொண்ட நம்மவர்க்கு, கருவி எண்ணுகின்றது என்னும் பேச்சுச் செவிக்கு இசையாதது இயல்பே. ஆயினும் நம்மவருட் சிலர், ஹக்கர் கூறியது நம் சித்தாந்தமே, மேனாட்டார் இன்று கண்டதை நாம் என்றோ கண்டோம் என்று பறைசாற்றுவர். அதற்கு யாம் உடன்படோம். ஹக்கர் வினைகளை ஏற்றிக் கூறியது உடலும் உயிர்ப்புமுடைய மனிதனுக்கு. உடலின் வேறாகிய ஆன்மாவுக்கன்று. அவர் வழி வேறு, நம் வழி வேறு. கருவியையும் கருவியுடையானையும் ஒன்றாக்கற்க என்னும் அளவில் இருவர் வழியும் சந்திக்கின்றன, அவ்வளவே. மேலும், கருவியை ஆராயவேண்டாம் என்று சிவஞானபோதம் எங்குங் கூறவில்லை. அமைச்சர் எங்ஙனந் தொழில் செய்கின்றார் என்று அறிதலில் அரசனுக்கு இழுக்கு யாதுளது?

2023 ஆம் ஆண்டில் லூயிஸ் பவேலா, எடுவாட் மஷெறி என்னும் இருவர், உளநூலாரும் நரம்பு விஞ்ஞானியாரும் தத்துவ நூலாருமாகிய பலரை வினாவி, குறித்தல் என்னுஞ் சொல்லை அவர் எங்ஙனம் ஆள்கின்றனர் என்று ஆராய்ந்து வெளியிட்டனர். மூளையில் நிகழும் எதனை அகவுரு எனலாம் என்பதிலே ஆராய்ச்சியாளர் தாமே தெளிவின்றித் தடுமாறக் கண்டனர். இன்னதைப் பற்றியது என்று கூறுதலினும், இன்னதற்கு எதிர்வினை செய்கின்றது என்று கூறுதலையே அவர்கள் விரும்பினராம். நாள்தோறுங் கட்டுரைகளில் எழுதுஞ் சொல்லை, நேரே வினாவியபோது கைநெகிழவிட்டனர் என்பது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். எமக்கு அது நேர்மையாகவே தோன்றுகின்றது. எதிர்வினை என்னுஞ் சொல்லையே எங்கும் ஆண்டிருந்தால் பாதி வழக்குகள் எழுந்திரா. ஆனால் அச்சொல் மாத்திரம் போதுமாயிருந்தால், உறங்கும் எலியின் கலங்கள் எதற்கு எதிர்வினை செய்தன என்று கூறுதல் வேண்டும். அதற்கு விடை அவரிடத்தில்லை. ஆகவே கைவிட்ட சொல்லை மீண்டும் எடுக்கின்றனர்.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். டெனிஸ் ஆடுவதாகப் பாவித்த பெண்ணைப்பற்றி எழுந்த ஆக்ஷேபம், கட்டளையிலுள்ள டெனிஸ் என்னுஞ் சொல் செவியிற் பட்டமாத்திரத்தே மூளை தானாக எதிர்வினை செய்திருத்தல் கூடும் என்பது. ஓவன் முதலானோர், அத்தொழிற்பாடு அரை நிமிஷமளவும், ஓய்க என்று சொல்லும்வரை நீடித்தது என்றும், சொல்லைக் கேட்டமாத்திரத்தால் எழுவது அங்ஙனம் நீடியாது என்றும் விடையிறுத்தனர். இவ்விடை வலியதே. எனினும் ஐயத்தை முற்றத் துடைத்தது, 2010 ஆம் ஆண்டில் மார்ற்றின் மொன்ரி முதலானோர் வெளியிட்ட ஆய்வு என்போம். கேம்பிறிட்ஜிலும் பெல்ஜியத்து லியேஜ் நகரிலும் இத்தகைய நோயாளர் 54 பேரை ஆராய்ந்ததில், ஐவர் தம் விருப்பப்படி மூளைத் தொழிற்பாட்டை மாற்ற வல்லராயிருந்தனர். அவ்வைவருள் ஒருவரிடம், யாம் கேட்பதற்கு ஆம் என்பது விடையாயின் டெனிஸ் ஆடுவதாகப் பாவிக்க, அன்று என்பது விடையாயின் வீட்டினுள் நடப்பதாகப் பாவிக்க என்று கூறி, அவர் குடும்பத்தைப்பற்றி ஆறு வினாக்கள் கேட்டனர். ஐந்துக்குச் சரியான விடை வந்தது. ஆறாவதற்கு ஒருவகைத் தொழிற்பாடும் எழவில்லை.

இதனை வாசகர் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். உடலியக்கப் பகுதியிற் குருதி மிகுந்தது. அதன் பொருள் ஆம் என்பது. அப்பகுதியில் ஆம் என்பது எங்கே எழுதப்பட்டிருக்கின்றது? ஆயிரம் மூளைகளை ஆயிரமாண்டு ஆராயினும் அப்பகுதிக்கும் ஆம் என்பதற்கும் ஒரு தொடர்புங் காணல் இயலாது. அப்பொருள், வைத்தியர் ஒருவரும் படுத்திருந்த ஒருவரும் அன்று தம்முட் செய்துகொண்ட உடன்படிக்கையால் வந்தது. கோயின்மணிக்கு ஊரவர் தந்த பொருள்போன்றது அது. அவர் கேட்டார், விளங்கிக்கொண்டார், உடன்பட்டார், தம் விடையை அதற்கேற்ற பாவனையாக மாற்றி அனுப்பினார். அத்துடிப்பு வைத்தியர்க்கு மாத்திரம் குறியாயிருந்ததன்று, அனுப்பினவர்க்கே குறியாயிருந்தது. தவளையிடத்தும் எலியிடத்தும் இழுபறியாய் நின்ற வினா இவரிடத்துத் தெளிந்தது. ஆனாற் றெளிவித்தது கருவி தனித்தன்று. ஒருவரை வினாவத்தக்கவராக மதித்து வினாவியமையாலே தெளிந்தது. கருவியின்றேல் அவ்விடை எவர்க்கும் எட்டியிராது என்பதும் உண்மையே.

இதன் மறுதலையை மிக அஞ்சிக் கையாளல் வேண்டும். உடல்நலமுடையாருள்ளுஞ் சிலரிடத்தே, அவர் பாவனை செய்தும், கருவியில் அக்குறி தோன்றாமை உண்டு. எனவே குறி தோன்றிற்று, ஆதலால் உள்ளே ஒருவர் உளர் என்று கூறலாம். குறி தோன்றவில்லை, ஆதலால் ஒருவரும் இல்லை என்று கூறல் ஆகாது. புகையில்லாத இடத்துந் தணல் இருக்கும். 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த பேராய்வொன்றிலே, கட்டளைக்கு வெளிப்படையான மறுமொழி யாதுமில்லாத 241 பேரை ஆராய்ந்ததில் 60 பேரிடத்து மூளையளவில் மறுமொழி காணப்பட்டது. நால்வரில் ஒருவர். இவ்வாய்வு வருமுன் எத்தனை படுக்கைகளருகே, கேட்கமாட்டார் என்றெண்ணி என்னென்ன பேசப்பட்டிருக்கும் என்பதை எண்ணுங்கால் நெஞ்சு நடுங்குகின்றது.

2012 ஆம் ஆண்டிலே, அப்பொழுது கனடா தேசத்தில் ஆய்வு நடத்திவந்த ஓவனும் அவர் துணைவரும், பத்தாண்டுக்கு மேலாகத் தாவரநிலையில் உள்ளாரென எண்ணப்பட்ட ஒருவரைக் கருவியுட் கிடத்தி, முன்போலவே உடன்படிக்கை செய்துகொண்டு, உமக்கு நோவு உண்டோ என்று வினாவினர். அத்தனை ஆண்டுகளாக அவரிடம் எவரும் விடைபெறக் கேட்டிராத வினா அது. இல்லை என்று அவர் விடையிறுத்தார்.